கணையத்தில் ஒரு குருத்து

நுழையும்முன்

தீராத நோய்க்குத் தீர்வு வருகிறது என்னும் செய்தி மனத்திற்கு ஊக்கம் தரும். அத்தீர்வு நோயாளியின் கைக்கு வந்துவிட்டதா, ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறதா என வினவித் தெளிவது அறிவின் கடமை. நீரிழிவு நோயைக் குருத்தணுக்களைக் கொண்டு தீர்க்கும் முயற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அம்முயற்சியின் தொடக்கத்தையும் வெற்றியையும் எல்லையையும் மதுரையில் நிகழ்ந்த ஆய்வுகளோடு சேர்த்துக் காண்பதே இப்பாடம்.

குருத்தும் குருத்தணுவும்

வைகை பாயும் சோழவந்தான் பகுதியில் வாழைத் தோட்டங்கள் உண்டு. குலைதள்ளாத இளவாழை ஒன்றை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், நிற்கும் அடிமரத்தின் நடுவே வெளிர்பச்சை நிறத்தில் ஒரு முனை மேலெழுந்திருப்பதைக் காணலாம். அதைக் குருத்து என்கிறோம். விரிந்து முதிர்ந்த இலை மீண்டும் குருத்தாவதில்லை. குருத்தோ இலையாக விரியும் ஆற்றலைத் தன்னுள் வைத்திருக்கிறது.

மனித உடலிலும் இத்தகைய உயிரணுக்கள் உள்ளன. நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் தத்தம் பணியில் நிலைபெற்றவை. நரம்பு உயிரணு செய்தியைக் கடத்தும். தசை உயிரணு சுருங்கி விரியும். கணையத்தின் பீட்டா உயிரணு இன்சுலினைச் சுரக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. பணி இன்னும் முடிவாகாத சில உயிரணுக்களுக்கு இரண்டு ஆற்றல்கள் உண்டு. தம்மைப் போன்ற உயிரணுக்களைப் பெருக்குவது ஒன்று. வேறுவகை உயிரணுவாக முதிர்வது மற்றொன்று. இவ்விரு ஆற்றலும் உடைய உயிரணுக்களையே குருத்தணுக்கள் என்கிறோம்.

கருவின் தொடக்க நிலையில் இருக்கும் குருத்தணுக்கள் உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாற வல்லவை. 1998-ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். வளர்ந்த மனிதரிடமும் எலும்பு மஞ்சை, தோல், கண் முதலிய இடங்களில் குருத்தணுக்கள் உள்ளன. அவை அந்தந்த உறுப்பிற்கு உரிய உயிரணுக்களை மட்டும் புதுப்பிக்கின்றன. மூன்றாம் வகை மனிதரால் உருவாக்கப்பட்டது. ஜப்பானிய அறிவியலாளர் சின்யா யமனாகா 2006-இல் எலியின் முதிர்ந்த உயிரணுவில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதனை மீண்டும் குருத்து நிலைக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே மனித உயிரணுவிலும் இது கைகூடியது. முதிர்ந்த இலை குருத்தாவதில்லை என்னும் இயற்கை வழக்கத்தை ஆய்வுக்கூடம் மாற்றிக் காட்டியது. இப்பணிக்காக ஜான் கர்டனுடன் இணைந்து அவர் 2012-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

நீரிழிவு: பெயரும் நோயும்

‘இழிதல்’ என்பதற்குக் கீழே இறங்குதல், வழிதல் என்பன பொருள். நீர் மிகுதியாக வெளியேறும் நோய் ஆதலின் நீரிழிவு எனப்பட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘டயாபடீஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவி ஒழுகுதல் என்னும் பொருளையே தருகிறது. இரு வேறு மொழியினர் ஒரே அறிகுறியைக் கண்டு பெயரிட்டுள்ளனர்.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் செரித்துக் குளுக்கோசாக இரத்தத்தில் கலக்கின்றன. அக்குளுக்கோசு தசை முதலிய உயிரணுக்களுக்குள் செல்ல இன்சுலின் உதவுகிறது. இன்சுலின் இல்லையெனில் உணவு இருந்தும் உயிரணு பட்டினி கிடக்கும். இரத்தத்திலோ சர்க்கரை பெருகும்.

நீரிழிவில் முதன்மையானவை இரு வகைகள். முதல் வகையில், உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே பீட்டா உயிரணுக்களைப் பகையெனக் கருதி அழித்துவிடுகிறது. சிறுவரிடமும் இளையோரிடமும் மிகுதியாகக் காணப்படும் இவ்வகைக்கு இன்சுலின் ஊசி உயிர்காக்கும் மருந்தாகும். இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் பீட்டா உயிரணுக்களும் தளர்கின்றன. நம் நாட்டில் நீரிழிவு உடையோருள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்கின்றனர் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் நீரிழிவின் முன்னிலையில் உள்ளனர் என்றும் அது மதிப்பிட்டது.

ஊசியின் வரலாறு

1869-இல் ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, தனித்தனித் தீவுகள்போல் சிதறிக் கிடந்த உயிரணுக் கூட்டங்களைக் கண்டார். அவற்றின் பணி அவருக்குத் தெரியவில்லை. இன்று அவை லாங்கர்ஹான் திட்டுகள் எனப்படுகின்றன. 1889-இல் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றியது. நோயின் இருப்பிடம் கணையம் என்பது தெளிவாயிற்று.

1921-இல் கனடாவின் டொரன்டோ நகரில் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் பான்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தனர். 1922 ஜனவரி 11 அன்று 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. சாறு தூய்மையாக இல்லாமையால் முதல் ஊசி உரிய பயனைத் தரவில்லை. உடன் பணியாற்றிய காலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். பன்னிரண்டு நாள் கழித்துச் செலுத்திய ஊசி சிறுவனின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. முதல் முயற்சியின் குறையை ஒளிக்காமல் திருத்தியதால் கிடைத்தது இவ்வெற்றி.

இன்சுலின் ஊசி அன்றுமுதல் எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறது. எனினும் அது நோயைத் தீர்ப்பதில்லை. உண்ணும் உணவு, செய்யும் வேலை, உறங்கும் நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப நொடிதோறும் அளவறிந்து சுரக்கும் பீட்டா உயிரணுவின் திறம் ஊசிக்கு இல்லை. அளவு குறைந்தால் சர்க்கரை கூடும். மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும். அழிந்த உயிரணுக்களையே திரும்பத் தந்தால் என்ன என்னும் வினா இங்கிருந்துதான் எழுந்தது.

மதுரையில் குருத்தணு ஆய்வு

குருத்தணுவைப் பற்றிய ஆய்வு நமக்கு அயலானதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மஞ்சை மாற்று மருத்துவம் 1986-இலேயே தொடங்கியது. இரத்த நோய்களுக்கான இம்முறையே குருத்தணு மருத்துவத்துள் பல்லாண்டுகளாக நிலைபெற்றது.

மதுரையில் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்தது. அதன் ஆய்வுப் பிரிவு கண்ணின் குருத்தணுக்களை ஆராய்ந்துள்ளது. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிந்திருப்பது கருவிழிப்படலம். அதுவும் வெண்விழியும் சேரும் விளிம்பில் குருத்தணுக்கள் உறைகின்றன. படலத்தின் மேற்பரப்பு தேயுந்தோறும் அதனைப் புதுப்பிக்கின்றன. சுண்ணாம்போ அமிலமோ பட்டு அவ்விளிம்பு அழிந்தால் படலம் மங்கிப் பார்வை போகும். நலமான கண்ணின் விளிம்பிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்துக் குருத்தணுக்களை வளர்த்துப் பொருத்தினால் பார்வை மீள வாய்ப்புண்டு.

இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. விளிம்பில் கலந்து கிடக்கும் உயிரணுக்களுள் குருத்தணு எது என எவ்வாறு அடையாளம் காண்பது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் வளர்த்த பேராசிரியர் வி. ஆர். முத்துக்கருப்பனும் அரவிந்த் ஆய்வாளர்களும் 2005-இல் ஒரு விடையை வெளியிட்டனர். உயிரணுவின் உடலோடு ஒப்பிட உட்கரு பெரிதாக இருத்தல், ‘பி63’ என்னும் புரதம் மிகுதியாக இருத்தல் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்தவற்றைக் குருத்தணுக்களாகக் கொள்ளலாம் என்பது அவர்களின் முடிவு. ‘குருத்தணு தருகிறோம்’ என்று சொல்லும் முன், தருவது குருத்தணுதானா என உறுதி செய்ய வேண்டும் என்பதை இவ்வாய்வு நமக்குக் கற்பிக்கிறது.

கணையத்தை நோக்கி

கண்ணில் கைகூடியது கணையத்தில் எளிதாகக் கைகூடவில்லை. கண்ணின் விளிம்பில் குருத்தணு ஆயத்தமாக இருக்கிறது. பீட்டா உயிரணுவையோ, குருத்தணுவிலிருந்து படிப்படியாக வளர்த்தெடுக்க வேண்டும்.

முதற்படி குருத்தணு இன்றியே வைக்கப்பட்டது. கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் சாப்பிரோ குழுவினர், இறந்தோர் கொடையாக அளித்த கணையங்களிலிருந்து திட்டுகளைப் பிரித்து, முதல் வகை நீரிழிவுடைய ஏழு பேரின் கல்லீரலுக்குச் செல்லும் நாளத்தில் செலுத்தினர். எழுவரும் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டனர் என 2000-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட கணையங்கள் தேவைப்பட்டன. பின்னர் இம்முறையில் மருத்துவம் பெற்றோரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஐந்தாண்டு முடிவில் பத்தில் ஒருவர் அளவிலேயே ஊசியின்றி இருந்தனர். கொடைக் கணையத்தை நம்பி எல்லாருக்கும் இம்மருத்துவம் தர இயலாது என்பது புலனாயிற்று.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெல்ட்டன் தம் இரு குழந்தைகளுக்கும் முதல் வகை நீரிழிவு வந்த பின்னர் தம் ஆய்வை இதற்கே உரியதாக்கினார். குருத்தணுக்களிலிருந்து சர்க்கரையின் அளவை உணர்ந்து இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைப் பெருமளவில் உருவாக்கும் முறையை அவர் குழு 2014-இல் வெளியிட்டது. தவளைக்குஞ்சு தவளையாவதுபோல் குருத்தணுவும் பல நிலைகளைக் கடந்தே பீட்டா உயிரணுவாகிறது. ஒவ்வொரு நிலையிலும் வேறு வேறு வேதிப்பொருள்களால் அதனை வழிநடத்த வேண்டும்.

2024-இல் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. முதல் வகை நீரிழிவுடைய 25 வயதுப் பெண்ணின் சொந்த உயிரணுக்களையே குருத்து நிலைக்குக் கொண்டு சென்று, அவற்றிலிருந்து வளர்த்த திட்டுகளை அவர் வயிற்றுத் தசைப் பகுதியில் செலுத்தினர். 75 நாளில் அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. அவர் முன்பே கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர். அதன்பொருட்டு நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை உட்கொண்டு வந்தவர். ஆகவே அம்மருந்தின்றி அவருடைய உடல் புதிய திட்டுகளை விட்டுவைத்திருக்குமா என்பதற்கு அவ்வாய்வு விடை தரவில்லை.

2025 ஜூனில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் விரிவானது. குருத்தணுவிலிருந்து உருவாக்கிய ‘சிமிஸ்லெசெல்’ என்னும் திட்டுகள், முதல் வகை நீரிழிவால் அடிக்கடி சர்க்கரை கடுமையாகத் தாழும் நிலையில் இருந்தோர்க்குச் செலுத்தப்பட்டன. முழு அளவு பெற்ற 12 பேருள் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். பங்கேற்ற 14 பேருள் இருவர் இறந்தனர் என்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. அவர்களுள் ஒருவரின் இறப்புக்குக் காரணம் மூளையுறையில் ஏற்பட்ட பூஞ்சைத் தொற்று. நோயெதிர்ப்பு தணிக்கப்பட்ட உடலில் இத்தகைய தொற்று எளிதில் கால்கொள்ளும்.

நிற்கும் தடைகள்

இவ்வெற்றிகளைப் பாராட்டும்போதே தடைகளையும் எண்ணுதல் வேண்டும். அயலவர் உயிரணுவை உடல் ஏற்பதில்லை. முதல் வகை நீரிழிவில் தன் பீட்டா உயிரணுவையே உடல் ஏற்பதில்லை. எனவே நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்ள நேர்கிறது. ஊசியிலிருந்து விடுபட்டவர் தொற்றுக்கு எளிதில் இலக்காகிறார். நோயெதிர்ப்பின் கண்ணுக்குப் படாதவாறு உயிரணுவின் மரபணுக்களைத் திருத்தும் முயற்சி இப்போது நடந்து வருகிறது.

முதிராத குருத்தணு ஒன்று தப்பி உடலுக்குள் சென்றாலும் அது கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாகலாம் என்பது இரண்டாம் தடை. மூன்றாம் தடை இரண்டாம் வகை நீரிழிவைச் சார்ந்தது. அங்கே இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமையே முதற்சிக்கல். புதிய பீட்டா உயிரணுக்களைத் தந்தாலும், உடற்பருமனும் உழைப்பின்மையும் தொடர்ந்தால் அவையும் தளர்ச்சிக்கு உள்ளாகும். கரையில் உடைப்பு இருக்கும்போது கண்மாய்க்கு வரும் வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் நீர் நிற்காது அல்லவா?

விளம்பரமும் சான்றும்

நோயால் நொந்தவரின் நம்பிக்கை எளிதில் விலைபோகும். எலும்பு மஞ்சையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுத்த உயிரணுக்களைச் செலுத்தி நீரிழிவை ஒழிப்பதாகக் கூறும் விளம்பரங்கள் உலவுகின்றன. மேலே கண்ட ஆய்வுகளில் செலுத்தியவை பீட்டா உயிரணுவாக வளர்க்கப்பட்டு, ஆய்ந்து உறுதி செய்யப்பட்ட திட்டுகள். விளம்பரங்கள் காட்டுவன அவையல்ல. ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், ஏற்பளிக்கப்பட்ட இரத்தம் சார்ந்த நோய்களுக்கு அல்லாமல் வேறு எதற்கும் குருத்தணுவைப் பயன்படுத்துவது ஆய்வு நிலையிலேயே உள்ளது என்றும், உரிய ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே அதனை நடத்தலாம் என்றும் வரையறுத்தன. ஆய்வு நிலையில் இருப்பதை மருத்துவம் எனக் கூறி விற்பது அறமன்று. நிலத்தை அடகு வைத்து அதனை வாங்கும் குடும்பம் பொருளோடு காலத்தையும் இழக்கிறது. இன்சுலினை நிறுத்தினால் உயிரையே இழக்க நேரும்.

இன்று நம் கையில் இருப்பவை

நாளைய மருத்துவம் வரும்வரை கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காத்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. நோய் முற்றிய நிலையில் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, கசிந்து, பார்வையைப் பறிக்கின்றன. புதுக் குழாய்கள் எவ்வாறு முளைக்கின்றன என்பதை எலியின் கருவிழிப்படலத்தில் கண்டறியும் முறையை, முன்னர்க் குறிப்பிட்ட முத்துக்கருப்பன் 1979-இலேயே அவர்பாக் என்பவருடன் இணைந்து வெளியிட்டார் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்கது. விழித்திரை நோய் தொடக்கத்தில் வலியோ மங்கலோ காட்டாது. ஆதலால் நீரிழிவு உடையோர் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். விழித்திரைப் படங்களைக் கணினியே பார்த்து நோயைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு ஆய்விலும் அரவிந்த் மருத்துவமனை கூகுள் நிறுவனத்தோடு பங்கேற்றுள்ளது. அதன் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை வீடு தேடி வழங்குகிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வயலில் உழைக்கும் முதியவருக்கு, ஆய்வுக்கூடத்துக் குருத்தணுவைவிடத் தவறாமல் வந்து சேரும் மாத்திரையே இன்று பெருந்துணை. நம் வகுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் தோழர் இருந்தால், அவரிடம் இரக்கத்தைக் காட்டிலும் இயல்பான நட்பைக் காட்டுவோம். அவர் திடீரென வியர்த்து நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே இனிப்பு உண்ணத் தந்து ஆசிரியரை அழைப்போம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊட்டாமல் மருத்துவ உதவியை நாடுவோம்.

லாங்கர்ஹான்ஸ் கண்ட திட்டுகளிலிருந்து முதல் ஊசிவரை ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்தன. குருத்தணுவின் பயணமும் அவ்வாறே பொறுமையைக் கேட்கிறது. இப்பயணத்தில் எஞ்சிய தொலைவைக் கடக்கப்போகிறவர் இவ்வகுப்பில் அமர்ந்து இப்பாடத்தைப் படிப்பவராகவும் இருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

புதிய மருத்துவம் பற்றிக் கேள்வியுற்றால் கேட்க வேண்டிய வினாக்கள்:
1. செலுத்தப்படுவது எவ்வகை உயிரணு? அதனை எவ்வாறு உறுதி செய்தனர்?
2. எத்தனை பேருக்குத் தரப்பட்டது? எவ்வளவு காலம் கவனிக்கப்பட்டது?
3. பக்க விளைவுகளும் இறப்புகளும் அறிவிக்கப்பட்டுள்ளனவா?
4. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் அவ்வாய்வு பதிவு பெற்றுள்ளதா?

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நீரிழிவு உடைய ஒருவரிடம் அவருடைய ஒருநாள் உணவு, மருந்து, நடைப்பயிற்சி ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.
2. நாளிதழில் வந்த மருத்துவ விளம்பரம் ஒன்றை மேற்கண்ட நான்கு வினாக்களைக் கொண்டு ஆராய்ந்து வகுப்பில் கலந்துரையாடுக.
3. குருத்து, குருதி, குருகு ஆகிய சொற்களின் பொருளை அகராதியில் கண்டு, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.

மதிப்பீடு

குறுவினா
1. ‘நீரிழிவு’ என்னும் பெயர்க்காரணத்தைக் கூறுக.
2. குருத்தணுவின் இரு ஆற்றல்கள் யாவை?

சிறுவினா
1. முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவுகளை வேறுபடுத்துக.
2. கண்ணின் குருத்தணுவை அடையாளம் காண மதுரை ஆய்வாளர்கள் கண்ட வழியை விளக்குக.

நெடுவினா
1. ‘குருத்தணு மருத்துவம் நம்பத்தக்கது, ஆயினும் இன்னும் விலைக்கு வாங்கத்தக்கதன்று’ – பாடப்பகுதியின் சான்றுகளோடு நிறுவுக.